பதினேழு புள்ளிகள்

அந்த அலுவலகத்தில் அவளுடைய முழுப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவள் சீட்டக்கா. வேலை அப்படி. எங்கெங்கிருந்தோ வந்து சேரும் இலை, பாசி, காளான் எதுவானாலும் காயவைத்து, உறையில் போட்டு, உறைமேல் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். பெயர் என்ன, எந்த இடம், என்ன தேதி, எதன்மேல் இருந்தது, என்ன நிறம், எடுத்தவர் யார். மொத்தம் ஆறு வரி. இருபத்தொன்பது வருஷமாக அந்த ஆறு வரியை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். கணினி வந்தது, பழுதானது, புதிது வந்தது. சீட்டு மட்டும் அவள் கையெழுத்தில்தான். "உங்க எழுத்தைப் பார்த்தா அச்சு இயந்திரமே வெட்கப்படும்" என்று ஒரு மேலதிகாரி சொன்னார். புகழ்ந்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று தெரிந்த மனுஷன்.

சீட்டில் தப்பு இருக்கிறது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "எங்க தப்பு? காட்டுங்க பார்ப்போம்" என்று எழுந்து நிற்பாள். காட்ட வந்தவர்கள் அசடு வழியத் திரும்பிப் போனதுதான் வழக்கம். எழுபது இரும்பு அலமாரி, ஒரே ஜன்னல், மூக்கைத் துளைக்கும் பூச்சி மருந்து நெடி. அந்த அறைக்கு அவள்தான் ராணி.

அவளுக்குக் கல்யாணம் நடந்த கதையே ஒரு உறையில்தான் ஆரம்பித்தது. மரக்கிடங்கு ஒன்றில் கட்டைகளை அளக்கும் வேலையில் இருந்த ஒருவர், கட்டையில் ஒட்டியிருந்த காளானைச் செதுக்கி எடுத்துப் பழைய பேப்பரில் மடித்து அனுப்பியிருந்தார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. மரத்தில் பலகை அடித்தமாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற, கட்டை போலவே கெட்டியான தட்டுக் காளான். 'இது என்னவென்று சொன்னால் சந்தோஷப்படுவேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தார். 'இடம் எழுதவில்லையே' என்று இவள் பதில் போட்டாள். இடம் வந்தது. 'நிறம் எழுதவில்லையே' என்று மறுபடி போட்டாள். பழுப்பு என்று வந்தது. இப்படியே ஆறு வரியும் நிரம்புவதற்குள் எட்டுக் கடிதம் ஆகிவிட்டது. ஒன்பதாவது கடிதத்தில் அவர் காளானைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அவரை எல்லாரும் அளவுக்காரர் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தொரு வருஷ வேலையில் பதினேழு இடமாற்றம். ஒவ்வொரு ஊரிலும் மரக்கிடங்கு, ஒவ்வொரு கிடங்கிலும் கட்டை. எந்தக் கட்டையில் அந்தத் தட்டு இருந்தாலும் ஒன்றைச் செதுக்கிப் பெண்டாட்டிக்கு அனுப்பிவிடுவார். வேறு புருஷன்மார்கள் என்னென்னவோ வாங்கி வருவார்கள். இவருக்குத் தெரிந்தது அதுதான். அது அரிய காளான் என்று யாரோ ஒரு பெரிய ஆய்வாளர் எப்போதோ எழுதி வைத்திருந்தார். "அரிதாவது ஒண்ணாவது! நான் போற ஊர்லெல்லாம் இருக்கு" என்று அவர் நெஞ்சை நிமிர்த்துவார். படிப்பு ஏறாத மனுஷனுக்கு அது ஒன்றுதான் கிரீடம்.

ஓய்வுபெற்று, இடுப்பு எலும்பு தேய்ந்து, கைத்தடியோடு வீட்டில் உட்கார்ந்திருந்த அவருக்கு அந்த வருஷம் ஒரு பெரிய சந்தோஷம் கிடைத்தது. அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில் அந்தக் காளானுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நாட்டு வரைபடம், அதில் பதினேழு கறுப்புப் புள்ளி. கீழே: 'பரவலாகக் காணப்படுகிறது. கவலைக்குரிய நிலையில் இல்லை.' அதற்கும் கீழே, பொடி எழுத்தில், எடுத்தவர் என்று அவர் பெயர். அவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். பால் ஊற்ற வந்தவர், குழாய் சரிசெய்ய வந்தவர், ஒருவரையும் விடவில்லை. "பதினேழும் நான்தான்" என்பார்.

சீட்டக்காவும் பெருமைப்பட்டாள். இல்லை என்று சொன்னால் பொய். ஒரு காலை, பால் பொங்கி வரும்வரை சும்மா நிற்கிறோமே என்று அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்கே முதல் புள்ளி, அங்கேதான் பெண் பிறந்தாள். கடலோரத்தில் ஒன்று, அங்கே வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. வடக்கே ரெண்டு பக்கத்துப் பக்கத்தில், அங்கே ஆறே மாதத்தில் மாற்றிவிட்டார்கள். விரலை வைத்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு புள்ளியிலும் அவர் வாடகைக்கு இருந்த வீடு, லீவுக்கு லீவு அவளும் போய் இருந்துவிட்டு வந்த வீடு இருந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது, அவள் திரும்பவில்லை.

இது காளானின் படம் இல்லை. இது அவள் புருஷனின் இடமாற்றப் படம்.

கடலோர ஊரில் காடு ஏது? உப்பளம்தான் உண்டு. காளான் அங்கே முளைக்கவில்லை, கட்டையோடு லாரியில் ஏறி வந்தது. சீட்டில் 'இடம்' என்ற வரிக்கு அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது: எங்கே கையில் எடுத்தாரோ அதுதான் இடம். இவள் விதிப்படி எழுதினாள். கிடங்கு இருந்த ஊரின் பெயரை முத்து முத்தாக, பதினேழு தடவை. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு சீட்டும் தப்பில்லை என்று மார்தட்டியவள், அடிப்பாவி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

திட்டியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த அறிக்கை எதற்காகப் போடப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். மேற்குச் சரிவுக் காட்டை வெட்டிவிட்டு ரப்பர் போடப் போகிறார்கள். வெட்டுமுன் அங்கே எதெது இருக்கிறது, எதெது வேறெங்கும் இல்லாதது என்று பட்டியல் கேட்டார்கள். வேறெங்கும் இல்லாதது ஒன்று இருந்தாலும் வெட்டு நிற்கும். அப்படி ஒன்றும் இல்லை என்று அறிக்கை சொல்லிவிட்டது.

அன்று அவர் காலை உணவைச் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

"ஏங்க, அந்தத் தட்டு எந்தக் கட்டையில இருந்துச்சு?"

"கருங்கட்டையில. வேற எதுலயும் வராது. ஏன்?"

"கருங்கட்டை எங்கேருந்து வரும்?"

"முனையில சுத்தியல் முத்திரை அடிச்சிருப்பாங்கல்ல. வட்டத்துக்குள்ள ரெண்டு கோடு. மேற்குச் சரிவு. கருங்கட்டை அங்க ஒரு இடத்துலதான்."

சொல்லி முடித்ததும் அவர் கை சாப்பாட்டுத் தட்டிலேயே நின்றது. அவருக்கும் உறைத்துவிட்டது. சுவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "நான் எடுத்தது எடுத்ததுதான். ஒவ்வொரு ஊர்லயும் என் கையால எடுத்தேன்."

"நீங்க எடுத்தீங்க. அது அங்க முளைக்கலைங்க."

"அப்போ நான் பண்ணினதெல்லாம் பொய்யா?"

"பொய்னு யாரு சொன்னா? நான் எழுதினதும் சேர்த்துத்தான் தப்புன்னு சொல்றேன்."

அவர் எழுந்து போய்விட்டார். மூன்று நாள் பேசவில்லை. இடுப்பு வலிக்கு எண்ணெய் தேய்க்கக் கூப்பிடக்கூட இல்லை. அவளும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த அவளுக்கு நேரமும் இல்லை. அலுவலகத்தில் பதினேழு உறையையும் எடுத்து மேஜையில் பரப்பி, காளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டையின் முனையோடு சேர்த்துச் செதுக்கிய நாலு காளானில் மரச்சிராய் ஒட்டியிருந்தது. அதில் மூன்றில் ஒன்றும் தெரியவில்லை. நாலாவதில் அரை வட்டமும் ஒரு கோடும் அழுத்தமாக இருந்தன. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அறிக்கை எழுதிய ஆய்வாளர் சின்ன வயசுப் பெண். கெட்டவள் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சீட்டக்கா சொன்னதை முழுசாகக் கேட்டாள். சிராயை லென்ஸில் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, பதினேழு புள்ளியையும் எடுத்துடறேன். இன்னைக்கே எடுத்துடறேன்."

"எடுத்துட்டு மேற்குச் சரிவுல ஒண்ணு வைங்க மேடம். ஒரே ஒரு புள்ளி."

ஆய்வாளர் பேனாவை மூடினாள். "காட்டுல, நின்ன மரத்துல, யாராவது பார்த்திருக்காங்களா?"

"கட்டை அங்கேருந்துதான் வந்துச்சு."

"அது இருவது வருஷம் முந்தின கட்டைக்கா. வெட்டினதுக்கப்புறம் வழியில ஒட்டியிருக்கும்னு சொல்லுவாங்க. உயிரோட நிக்கிற மரத்துல யாராவது கண்ணால பார்த்திருந்தாத்தான் புள்ளி. உங்க வீட்டுக்காரர் பார்த்தாரா?"

இல்லை என்று சீட்டக்கா தலையசைத்தாள்.

"அப்போ நான் 'தரவு போதாது'ன்னுதான் மாத்த முடியும்."

"தரவு போதாதுன்னா வெட்டை நிறுத்துவாங்களா?"

"மாட்டாங்க. அதுக்கு நிறுத்தற பலம் இல்ல." சிராயை உறையில் திரும்பப் போட்டுவிட்டு அவளே சொன்னாள்: "வெட்டு திங்கக்கிழமையே ஆரம்பிச்சாச்சுக்கா."

அன்றைக்கு வியாழன். சீட்டக்கா படியில் இறங்கினாள். இத்தனை பாடுபட்டு என்ன செய்தாள்? கவலை இல்லை என்று இருந்ததை ஒன்றும் தெரியாது என்று மாற்றினாள். தன் புருஷனின் பதினேழு புள்ளியையும் தன் கையாலேயே அழித்தாள். காட்டுக்கு அதனால் ஒரு கிளை மிச்சமில்லை. வாய்விட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் காவலாளி ஓடி வருவான் என்று அடக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் சமையலறைச் சுவரில் படம் இல்லை. அவர் கிழித்துக் குப்பையில் போடவில்லை, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நடந்ததை அவள் சொன்னாள். அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

"முப்பத்தொரு வருஷம்" என்றார் கடைசியில். "லட்சக்கணக்கான கட்டையை அளந்திருக்கேன். ஒரு கருங்கட்டை மரத்தை நின்ன நிலையில பார்த்ததில்லை. எப்படி இருக்கும்னே தெரியாது. இலை எப்படின்னு கேட்டா முழிப்பேன்."

"யாரு கேட்டா இப்போ?"

"அந்தப் பொண்ணு கேட்டிருக்கால்ல. பார்த்தாரான்னு. போய்ப் பார்ப்போம்."

"உங்க இடுப்பு?"

"இடுப்பும் கூட வரட்டும்."

மறுநாள் காலை பஸ். அடிவாரத்தில் இறங்கி, வெட்டு வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் லாரியில் கெஞ்சிக் கூத்தாடி இடம் பிடித்தார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது சரிவின் பாதிக்கு மேல் மொட்டை. ரம்பச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. வெட்டு மேஸ்திரிக்கு ஐம்பது வயசிருக்கும், மரியாதை தெரிந்த ஆள். சீட்டக்கா கைப்பேசியில் காளான் படத்தைக் காட்டினாள்.

"இதுவா? நிறைய பார்த்தோமேம்மா" என்றார் அவர். "கீழ் வரிசை மரத்துல கொத்துக் கொத்தா இருந்துச்சு. பசங்க அதுமேல டீ கிளாஸ்கூட வச்சுக்குவாங்க."

"அந்த மரம் எங்கே?"

மேஸ்திரி கையைக் கீழ்ப்பக்கமாக ஆட்டினார். அங்கே லாரி ஒன்று கட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. அவற்றின் முனையெல்லாம் வட்டத்துக்குள் ரெண்டு கோடு. அளவுக்காரர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குறுக்கே வராம, ஒதுங்கி நடந்து பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல" என்றார் மேஸ்திரி. கூலியாட்கள் தங்கும் தகரக் கொட்டகையில் ஒரு மூலையும் கொடுத்தார்.

வெள்ளி பொழுது சாயும்வரை தேடினார்கள், சனி முழுக்கத் தேடினார்கள். அவர் கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு மரமாகச் சுற்றி வருவார். இவள் மேலும் கீழுமாக அலைவாள். அட்டைகள் காலில் தொங்கின. இவர்கள் ஒரு வரிசை பார்த்து முடிப்பதற்குள் ரம்பம் ரெண்டு வரிசையை முடித்துவிடும். பின்னால் மரம் சாயும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்தாள். ஒருவேளை அதிலா? பார்க்காமல் விட்டதா? சனி சாயங்காலம் சரிவின் உச்சியில் நின்றிருந்தவை நாற்பது மரம் இருக்கும். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து எதுலயாவது முட்டிக்கணுங்க" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை அவர்தான் பார்த்தார். கூப்பிட்ட குரலில் அவர் விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடினாள். அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். பெரிய கருங்கட்டை மரம், நாலு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். இடுப்பு உயரத்தில் மூன்று தட்டு, ஒன்றன்மேல் ஒன்று. அவள் மண்டியிட்டுக் கீழிருந்து பார்த்தாள்.

அடிப்பக்கம் ஊதா. கண்ணைப் பறிக்கிற, ஈரமான ஊதா. ஊசி குத்தினாற்போலச் சின்னச் சின்னத் துளைகள், விளிம்பில் வெள்ளைக் கோடு. நிறம் என்ற வரியில் இருபத்தொன்பது வருஷமாக அவள் எழுதியது பழுப்பு. செத்த பிறகு வருகிற நிறம் அது. "ஐயோ, இது இவ்வளவு அழகுன்னு யாரும் சொல்லலையேங்க" என்றாள்.

"சொல்றதுக்கு யாரு பார்த்தா?" என்றார் அவர்.

படம் எடுத்தாள். மரம் முழுசும் தெரிய ஒன்று, காளான் மட்டும் ஒன்று, பக்கத்தில் அவர் நிற்க ஒன்று. அதற்குள் ரம்பக்காரர்கள் வந்துவிட்டார்கள். அந்த வரிசைதான் அன்றைக்கு முதல் வேலை. அளவுக்காரர் மரத்தில் முதுகைச் சாய்த்து, வலியில் முனகிக்கொண்டே கீழே சரிந்து, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரி வந்தார். "ஐயா, எந்திரிங்க. என் பொழப்பைக் கெடுக்காதீங்க."

"என்னால எந்திரிக்க முடியாதுப்பா. நிஜமாவே முடியாது. இடுப்பு புடிச்சுக்கிச்சு" என்றார் அவர். அது நிஜம்தான்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். கீழே பார்த்தார், மேலே பார்த்தார். "உங்களை இழுத்துப் போட எனக்கு மனசு வராது. சரி, இந்த ஒண்ணை விட்டுடறேன். மத்ததை முடிச்சிடறேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

சீட்டக்கா மேஸ்திரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடினாள். படம் போக வெகு நேரம் ஆனது. போய்ச் சேர்ந்ததும் ஆய்வாளரே கூப்பிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"அக்கா, நின்ன மரத்துல! இது போதும், இது போதும். நான் இப்பவே எழுதறேன். வெள்ளிக்கிழமை குழு நேர்ல வந்து பார்க்கும். பார்த்துட்டா மிச்சம் இருக்கிற காட்டுக்கு உடனே தடை."

"மிச்சம் எங்க இருக்கு மேடம்? இந்த ஒரு மரம்தான் இருக்கப்போகுது."

"ஒரு மரம் இருந்தாலும் போதும்க்கா. சுத்தி மறுபடி காடு வளரவிடச் சொல்லலாம். ஆனா காளான் உயிரோட இருக்கணும். காய்ஞ்சு போயிருந்தா நாம திரும்பப் பழைய இடத்துலதான் நிப்போம். அது நிழல்லயே வளர்ற சாதி, பார்த்துக்குங்க."

அவள் திரும்பி ஓடினாள். ஓடும்போதே மரங்கள் சாயும் சத்தம். ஒன்று, இன்னொன்று, அதற்குமேல் அவள் எண்ணவில்லை. வந்து பார்த்தபோது உச்சி வெட்டவெளியாகியிருந்தது. நடுவில் அந்த ஒரு மரம், அதனடியில் அவள் புருஷன். மரத்தின் இலைகளெல்லாம் வெகு உயரத்தில் இருந்தன. பக்கத்து மரங்கள் கொடுத்த நிழல்தான் கீழே விழுந்துகொண்டிருந்தது என்பது அவை போன பிறகுதான் தெரிந்தது. பக்கவாட்டில் வெயில் நேராக வந்து அடிமரத்தில் அறைந்தது.

குனிந்து பார்த்தாள். மேல்தட்டின் ஓரத்தில் ஊதா இல்லை. விரலளவுக்குப் பழுப்பு ஏறியிருந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த பழுப்பு.

பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். துண்டு, மாத்திரை, தண்ணீர் பாட்டில், குடை. பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கையில் நனைத்து மரப்பட்டையில் தடவினாள். குடையை விரித்துத் தட்டுகளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிழல் சரியாக மூன்று தட்டுக்கும் போதுமானதாக இருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தவரின் முகத்தில் வெயில் சுள்ளென்று விழுந்தது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டார், நெற்றியில் வேர்வை வழிந்தது. அவள் குடையைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்தாள்.

"எனக்கு வேணாம். அதுக்குப் பிடி" என்றார் அவர். "என்னைக்கு வர்றாங்களாம்?"

"வெள்ளிக்கிழமை."

அவர் விரல்விட்டு ஐந்து நாள் எண்ணினார். அவள் குடையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை, மணி பத்தரைகூட ஆகவில்லை.